ஆணி அடிக்காத வீடு

மார்த்தாண்டம்
18 பிப்ரவரி 2024, ஞாயிறு

அன்புள்ள அபினேஷ் அண்ணனுக்கு,

தங்கை ஷைஜா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரவு ஜெபத்தில் அம்மா இப்போதும் உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்கிறாள், பிறகுதான் என் பெயர் வருகிறது.

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள். வாட்ஸ்அப்பையும் எடுத்து வாசித்துவிடுகிறாள். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். பழைய கடிதம் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். கீழே வீட்டுக்காரர் முத்துநாயகம் மாமாவும் பகவதி மாமியும், நடுவில் நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. குறை ஒன்றுதான், வெயில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் கூரை அனலாகக் கொதிக்கிறது. அம்மா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் படுத்துக் கிடக்கிறாள். காற்றாடியிலும் சூடான காற்றுதான் வருகிறது.

வீட்டைக் கொடுக்கும்போதே மாமா சொல்லிவிட்டார்: "டீச்சரே, எது வேணும்னாலும் வச்சுக்கிடுங்க. சுவத்துல ஒரு ஆணி கேறப்பிடாது. டிரில்லிங் மெஷினெ கண்டேன்னா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லுவேன்." மாடிப் படிக்குக் கைப்பிடி இல்லையே, ஒன்று வைத்துக் கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்கும் முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

எதையும் துளைக்காமல் இந்த வீட்டைக் குளிர வைக்க வழி இருந்தால் எழுதுங்கள். உங்கள் தொழிலே அதுதானே.

அன்புத் தங்கை,
ஷைஜா

*

மஸ்கட்
23 பிப்ரவரி 2024, வெள்ளி

ஷைஜாவுக்கு,

அண்ணன் நல்ல சுகம். அம்மாவின் சுகரையும் முட்டுவலியையும் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒன்பது மாடிக் கட்டிடத்தின் ஏசியும் பம்பும் லைட்டும் என் கண் முன்னால் திரையில் ஓடுகின்றன. எந்த அறையில் எத்தனை டிகிரி என்று நாற்காலியை விட்டு எழும்பாமல் சொல்வேன். என் அம்மா தரையில் ஈரத் துண்டோடு கிடக்கிறாள். அதை நீ எழுதித்தான் நான் அறிய வேண்டியிருக்கிறது.

இங்கே என்னோடு வேலை செய்கிற ஜஸ்டஸ் மார்ச் கடைசியில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் ஒரு பெட்டி கொடுத்து விடுகிறேன். அதில் உள்ள எதற்கும் ஆணி வேண்டாம். எல்லாம் ஒட்டுவது, கட்டுவது, நிறுத்தி வைப்பது. வீட்டை மாற்றினால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மாடியில் பச்சை வலை கட்டி அதன் அடியில் செடி வை, கூரைச் சூடு பாதி குறையும். எப்படிக் கட்டுவது என்று படம் வரைந்து அனுப்புகிறேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் என்னால் வரமுடியவில்லை. இதையாவது செய்ய விடு.

அண்ணன்
அபினேஷ்

*

மார்த்தாண்டம்
7 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. முட்டுவலி காலையில் மட்டும்.

பெட்டி வந்து சேர்ந்தது. ஜஸ்டஸ் அண்ணனே ஒரு நாள் இருந்து எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தார். பழைய பெயின்ட் வாளி ஆறில் மணலை நிறைத்து, நடுவில் பிவிசி குழாயை நட்டு, அதில் பச்சை வலையைக் கட்டினோம். வலையின் அடியில் இருபத்திரண்டு செடிப் பைகள். வெண்டை, கீரை, பாவல். துணி துவைத்த கடைசித் தண்ணீர் அவற்றுக்குப் போகிறது. சமையல் கழிவு மூடி போட்ட வாளியில் உரமாகிறது. குழாய் முனைகளில் நீங்கள் அனுப்பிய சல்லடை மூடியை மாட்டியபிறகு தொட்டித் தண்ணீர் இரண்டு நாள் தாங்குகிறது. சோலார் பலகையைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம், கரண்ட் போனால் ஹால் காற்றாடியும், எல்லாவற்றையும் உங்கள் போனோடு இணைக்கிற அந்த வெள்ளைப் பெட்டியும் அதில் ஓடுகின்றன. ராத்திரி அம்மா எழும்பினால் கட்டிலடியில் விளக்கு தானாகவே எரிகிறது. முதல் நாள் அவள் பயந்துபோய் என்னை எழுப்பினாள்.

மத்தியானச் சூடு நிஜமாகவே குறைந்துவிட்டது. முத்துநாயகம் மாமா வந்து சுவரை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு ஓட்டையும் இல்லியே" என்று ஏமாந்தவர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு மாடிதான் இப்போது பிடித்த இடம். நான் பள்ளிக்கூடம் போனதும் ஏறிவிடுகிறாள். பாவல் கொடியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாலத்தில் போகிற வண்டிகள் தெரியும். ஹாலில் அலமாரி மேல் வைத்த கேமராவை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இவன் அங்ஙன இருந்து என்னெப் பாக்குதானா, நான் இஞ்ச இருந்து அவனெப் பாக்க முடியாதா?" என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஷைஜா

*

மஸ்கட்
12 ஏப்ரல் 2024, வெள்ளி

ஷைஜாவுக்கு,

நான் சுகம், உங்கள் சுகமறிய ஆவல்.

படங்கள் பார்த்தேன். மனசு நிறைந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஹால் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். அம்மா தூங்குவதைப் பார்த்தால் எனக்கும் தூக்கம் வருகிறது.

ஒரு காரியம். அந்தப் படியில் கைப்பிடி இல்லை, அம்மா தனியாக ஏறுவது சரியில்லை. மாடிக் கதவில் ஒட்டுவதற்கு ஒரு சின்னக் கருவி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது, பார். கதவு திறந்தால் எனக்குத் தகவல் வரும். நான் உடனே போன் போட்டு இறங்கச் சொல்லிவிடுவேன். சாயங்காலம் நீ வந்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போ.

அதோடு, திங்கட்கிழமை நீ வரும்போது மணி ஆறு இருபது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடுமே. எங்கே போயிருந்தாய்? சும்மாதான் கேட்கிறேன். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபினேஷ்

*

மார்த்தாண்டம்
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவ ஒத்தாசையால் இங்கே சுகம். அம்மாவும் சுகம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள், பரீட்சைத் தாளும் பள்ளித் திறப்புமாக நாள் ஓடிவிட்டது.

கதவில் கருவியை அப்போதே ஒட்டிவிட்டேன். நீங்கள் நாலைந்து தடவை போன் போட்டுக் கண்டித்தபிறகு அம்மா மாடிக்குப் போவதில்லை.

மழை பிடித்துவிட்டது. புதன்கிழமைகளில் எங்கள் தெருவில் ஏதோ பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்ட் இருப்பதில்லை. வெயில் இல்லாததால் சோலாரும் ஏறவில்லை. அன்றைக்கு கேமரா தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

வேறு விசேஷம் இல்லை.

ஷைஜா

*

மார்த்தாண்டம்
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் அழுகைதான் வந்தது, முழுவதும் சொல்ல முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தாம் தேதி புதன்கிழமை அம்மா மாடிக்குப் போயிருக்கிறாள். மூன்று மணி வாக்கில் மழை தூறத் தொடங்கியது. இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கி, படி திரும்பும் நடுத்தளத்தில் விழுந்து கிடந்தாள். கையில் இருந்த போனும் தெறித்துத் திரை நொறுங்கிவிட்டது. கீழே மாமாவும் மாமியும் களியக்காவிளையில் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்ட குரல் மழையில் யாருக்கும் கேட்கவில்லை. நான் ஆறு இருபதுக்கு வந்து பார்க்கும்போது சேலையெல்லாம் நனைந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். "மெதுவா தூக்கு மக்கா, இடுப்பு எனக்க இடுப்பா இல்ல" என்றாள். அழவில்லை.

நாகர்கோவிலில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இடுப்பெலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து நாள் படுக்கை. பிறகு வாக்கர். படி ஏறுவது இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஒரு தடவை தூக்கிக்கொண்டு வந்தால் அதோடு சரி.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. அதனால்தான் உங்களுக்குக் கதவுத் தகவல் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். ஜெபம் பண்ணுங்கள்.

ஷைஜா

*

மஸ்கட்
19 ஜூலை 2024, வெள்ளி

ஷைஜாவுக்கு,

அம்மா இன்று கஞ்சி குடித்தாள் என்று கேட்டு ஆறுதல். நீயும் சாப்பிடு. இரண்டு பேர் ஏற்கெனவே விடுமுறையில் போயிருப்பதால் என்னை இப்போது விடமாட்டோம் என்கிறார்கள். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்தேன்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. கரண்ட் போனாலும் வெள்ளைப் பெட்டி எட்டு மணி நேரம் பேட்டரியில் ஓட வேண்டும். அப்படித்தான் நான் அமைத்தேன். முந்தின செவ்வாய் நல்ல வெயில் இருந்தது, பார்த்தேன். அப்படியானால் பேட்டரியில் கோளாறா, இணைப்பில் கோளாறா? நான்தான் மட்டமான சரக்கை எடுத்துவிட்டேனா? நேரம் கிடைக்கும்போது பேட்டரியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சிவப்பு ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்.

மகன் வருவதற்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டியை அனுப்பினேன். அதுவும் வேண்டிய நேரத்தில் செத்துக் கிடந்திருக்கிறது.

அபினேஷ்

*

மார்த்தாண்டம்
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கர் பிடித்து அடுக்களை வரைக்கும் நடக்கிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பேட்டரியைப் படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. ஒயரெல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தோன்றுகிறது. எனக்கு அது தெரியாது. அதை விட்டுவிடுங்களேன்.

நேற்று காலையில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டு வெளியே போனேன். முத்துநாயகம் மாமா ஆளைக் கூட்டி வந்து மாடிப் படி நெடுக ஸ்டீல் கைப்பிடி வைத்துக் கொண்டிருந்தார். துளையைத் தானே போட்டார். கண்ணாடியில் சிமெண்ட் தூசி. "டீச்சர் கேட்டப்ப நான் சம்மதிச்சிருந்தா அம்மைக்கு இந்த கெதி வருமா? ஒறக்கமே இல்ல எனக்கு" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். பகவதி மாமி பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போய்க் கல்யாணத்தில் பாயசம் குடித்தேனே என்கிறாள்.

நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஷைஜா

*

மஸ்கட்
9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

ஷைஜாவுக்கு,

சுகம். அம்மாவின் நடை வீடியோ பார்த்தேன்.

விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். எப்படி விடுவது? கோளாறு எது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? பெட்டி செய்த கம்பெனிக்காரர்களுக்கு மூன்று மெயில் அனுப்பியிருக்கிறேன். இங்கே உள்ள இன்னொரு கூட்டாளி ஏசுஅடிமை இந்த மாதம் ஊருக்கு வருகிறான், பேட்டரியையும் வெள்ளைப் பெட்டியையும் கழற்றி அவன் கையில் கொடுத்து விடு. இங்கே பிரித்துப் பார்க்கிறேன். புதிதாக வேறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இதைவிடப் பெரியது.

அபினேஷ்

*

மார்த்தாண்டம்
1 செப்டம்பர் 2024, ஞாயிறு

அண்ணனுக்கு,

அம்மா சுகம்.

ஏசுஅடிமை அண்ணன் வந்தார். பெட்டியை நான் கொடுக்கவில்லை. அதில் ஒரு கோளாறும் கிடையாது. புதன்கிழமைகளில் கரண்டும் போவதில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வெள்ளைப் பெட்டியின் சுவிட்சை நான்தான் அணைத்தேன். ஜூன் ஐந்தாம் தேதி தொடங்கி ஆறு புதன்கிழமை.

ஏப்ரலில் ஆறு இருபது ஆகிவிட்டதே, எங்கே போயிருந்தாய் என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் பேக்கரியில் தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். அவ்வளவுதான். அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டுமா என்று மனசில் ஒரு முள் ஏறிவிட்டது. நீங்கள் அம்மாவைத்தான் பார்த்தீர்கள், என்னை இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. பிறகு எங்கள் ஸ்கூல் பிந்து டீச்சர், புதன்தோறும் ஸ்கூட்டர் சொல்லித் தருகிறேன் என்றாள். பள்ளிக்கூட மைதானத்தில் நாலரை முதல் ஆறு மணி வரை. பிந்து பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, நாற்பத்தொரு வயதில் நான் சிரித்துச் சிரித்து வண்டியைச் சாய்ப்பேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நான் வீடு திரும்பும் நேரம் திரையில் தெரியக்கூடாது என்று பெட்டியை அணைத்தேன்.

பெட்டி ஓடியிருந்தால் கதவு திறந்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் நாலு இருபதுக்கு அம்மாவைத் தூக்கியிருப்பேன். அவள் மழையில் கிடந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் என்னுடையது. அவள் விழுந்து கிடந்தபோது அண்ணா, நான் முதல் தடவையாக யாரும் பிடிக்காமல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிந்து கை தட்டினாள்.

மாமா தன் தப்பு என்று நினைத்து வைத்த கைப்பிடியைத் தொடாமல்தான் படி ஏறுகிறேன். நீங்கள் கம்பெனிக்கு மெயில் போடுகிறீர்கள். போதும். கோளாறு நான்தான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஷைஜா

*

மஸ்கட்
27 செப்டம்பர் 2024, வெள்ளி

ஏட்டி ஷைஜா,

இத்தனை நாள் நான் பதில் போடாதது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். நான்கு தடவை எழுதி அழித்தேன்.

நீ அணைப்பது எனக்கு ஜூனிலேயே தெரியும். கரண்ட் போனால் பெட்டி பேட்டரிக்கு மாறிவிட்டு எனக்கு ஒரு தகவல் அனுப்பும். உன் புதன்கிழமைகளில் அப்படி ஒன்றும் வரவில்லை. கையால் சுவிட்சை அணைத்தால்தான் அப்படி நிற்கும். இந்தத் தொழிலில் பதினாறு வருஷம் இருக்கிறேன், இது தெரியாதா எனக்கு? தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஏன் என்று இந்த ஒரு மாதமாக யோசித்தேன்.

எனக்கும் புதன்கிழமை அந்தத் திரையிலிருந்து ஒரு விடுமுறை மாதிரி இருந்தது. பகல் முழுக்கக் கட்டிடத்தின் திரை, அறைக்கு வந்தால் வீட்டின் திரை. கதவு திறந்ததா, மருந்து எடுத்தாளா, இருமுகிறாளா. புதன்கிழமை மட்டும் திரை கறுப்பாகக் கிடக்கும். நான் கூட்டாளிகளோடு போய்ச் சாப்பிட்டு வருவேன். தங்கைதான் அணைத்தாள், என் தப்பு இல்லை என்று ஒரு சமாதானம் வேறு.

இனி எழுதப்போவது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது.

பத்தாம் தேதி மத்தியானம் இங்கே ஒன்று நாற்பத்திரண்டுக்கு, உங்களுக்கு மூன்று பன்னிரண்டு, அம்மாவின் போனில் இருந்து அழைப்பு வந்தது. மீட்டிங்கில் இருந்தேன். பெயரைப் பார்த்தேன். புதன்கிழமை, பொழுது போகாமல் கூப்பிடுகிறாள், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று கட் பண்ணினேன். இரண்டாவது தடவை அழைப்பு வரவில்லை. அதுவே எனக்கு உறைக்கவில்லை. மறந்தே போனேன், நீ அழுதுகொண்டு கூப்பிடும் வரைக்கும். விழுந்து கிடந்த இடத்தில் இருந்து அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் கட் பண்ணின பிறகு போன் அவள் கையில் இருந்து வழுக்கி மீதிப் படியில் உருண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் நீ வெளியே போயிருந்த நேரம் பகவதி மாமியின் போனை வாங்கி என்னிடம் சொன்னாள்: "அவகிட்ட சொல்லாத மக்கா, அவ உன்மேல கோவப்படுவா."

பேட்டரியின் ஒயரை ஏன் இழுத்துக்கொண்டு இருந்தேன் என்று இப்போது புரிகிறதா? பெட்டியில் கோளாறு என்று ஆகிவிட்டால் நாம் தப்பித்துவிடலாம். உன்னைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். அது பொய். நான் தப்பிக்கத்தான் பார்த்தேன். அதற்குள் நீ ஒற்றையாக எல்லாவற்றையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டு எழுதிவிட்டாய். அதை வாசித்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு நாள் உன்னைத் தனியாக விட்டேன்.

அம்மாவிடம் சொல். இரண்டையும் சொல்.

அண்ணன்

*

மார்த்தாண்டம்
13 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? இங்கே சுகம் என்று எழுத இன்றுதான் மனசு வருகிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துக் கோபம் வந்தது உண்மை. இரண்டு நாள் இருந்தது. பிறகு, ஒரு வீட்டில் இத்தனை பேர் ஒரே குழியைத் தனித்தனியாகத் தோண்டிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

நேற்று மத்தியானம் சோறு உண்டபிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஸ்கூட்டர், உங்கள் மீட்டிங். கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒரு தடவை வாக்கரை எட்டித் தள்ளி வைத்தாள். நான் முடித்ததும் அதை மறுபடி பக்கத்தில் இழுத்தாள். பிறகு கேட்டாள்:

"நீ அணைச்சதுனால விழுந்தேன்னு நீ சொல்லுத. அவன் எடுக்காததுனால கெடந்தேன்னு அவன் சொல்லுதான். நான் என்னத்துக்கு மாடிக்குப் போனேன்னு ஒருத்தராவது கேட்டியளா?"

நிஜமாகவே கேட்கவில்லை, அண்ணா. டாக்டர் கேட்டார், மாமி கேட்டாள். நாம் கேட்கவில்லை.

"என்னத்துக்கும்மா போன?"

"வெள்ளைப் பெட்டியில ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும்லா? புதன்கெழம அது எரியாது. நீ ஏதோ மறந்து அணைச்சிட்டுப் போறன்னு நெனச்சேன். பெறகு மறதி இல்லன்னு வெளங்கிச்சு. அது எரியலன்னா அவன் போன் போட்டு எறங்கச் சொல்லமாட்டான். அதனால ஒவ்வொரு புதன்கெழமையும் நான் மேல போவேன். பாவக்கொடிக்கு அடியில சும்மா இருப்பேன். அந்த ஒரு நாளு என்னெ யாரும் பாக்கமாட்டாவ. பாட்டு வந்தா பாடுவேன். உனக்க அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். மழை தூறுச்சு, இன்னும் கொஞ்சம் இருப்போம்னு இருந்துட்டேன். அதான் வழுக்கிச்சு."

ஆறு புதன்கிழமை, அண்ணா. நாம் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு இடத்தில் ஒளிந்திருக்கிறோம்.

நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு மேலே தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். முத்துநாயகம் மாமா இப்போதே ஆள் கூட்டத் தயார். அவள் வேண்டாம் என்றாள். "சுமந்துட்டுப் போயி வச்சா அது வேற. நானா கேறிப் போனதுல்லா அது." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதைச் சரிசெய்ய நம்மிடம் ஒன்றும் இல்லை. அதையும் உங்களுக்கு எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். "மன்னிச்சிட்டியாம்மா?"

"யாரெ? உன்னெயா, அவனெயா?"

"ரெண்டு பேரையும்."

கஞ்சியைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்தாள். "அவன் வரட்டும். ரெண்டு பேரையும் ஒண்ணா முன்னால நிறுத்தி வச்சிட்டுச் சொல்லுதேன். தனித்தனியா சொல்லப்பிடாது."

அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவளிடம் இருந்து வாங்க முடியவில்லை. இன்று காலை ஆலயத்துக்குக் கிளம்பும்போது மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான். ஆகவே டிக்கெட் எடுங்கள். பெட்டி ஒன்றும் கொண்டுவர வேண்டாம். நீங்கள் வந்து என் பக்கத்தில் நிற்கும் வரைக்கும் எனக்கும் தீர்ப்புக் கிடையாது.

வழி பார்த்திருக்கும்,
ஷைஜா